பூட்ஸ் போட்ட எழுத்து

எமரால்டு ஊர்ப் பக்கத்து உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகை என் சட்டைப்பைக்குள் போகவில்லை. நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன். கடைசியில் அலமாரித் தட்டில் விரித்து மேலே நூல்கண்டுகளை அடுக்கிவிட்டேன். மாப்பிள்ளை பெயர் ஒரு முழம் இருந்தது. மணப்பெண் பெயர் அதில் பாதி. பெரிய எழுத்தில் 'ண' ஒன்றுதான் இருந்ததாம், அதை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாணமா குதிரைப் பந்தயமா என்று தெரியாது.

வியாபாரி பக்கத்து அச்சகத்துக்குச் சண்டைக்கு வந்தார். அதற்கும் என் கடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு என்பதால் எல்லாமே என் காதில் விழுந்தது. தன் பெண் பெயரை மட்டும் ஏன் சிறுசாகப் போட்டீர்கள் என்று கேட்டார். அச்சடித்த அக்கா நிதானமாக, "பேரு வெக்கறதுக்கு முன்னாடியே எங்கிட்டக் கேட்டிருக்கோணுமுங்க" என்றார். வியாபாரி பத்திரிகையின் அடியில் தன் சொந்தப் பெயரைப் பார்த்தார். அதில் 'ண' இல்லை, அதனால் முழு உயரத்தில் இருந்தது. பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

குன்னூர் கீழ்க் கடைவீதியில் நான் தையல் கடை வைத்திருந்தேன். பக்கத்தில் அந்த அச்சகம். அதை நடத்திய அம்மாளை ஊரே பிரஸ் அக்கா என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணே என்பேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் எப்படிக் கல்யாணம் ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. கடைவீதியில் முறை பார்த்தால் பிழைப்பு நடக்காது.

அக்காவிடம் ஒரே ஒரு கோளாறு. எதையும் சின்னதாக அச்சடிக்க அவர் கை வராது. வாடகைக்கு வீடு என்றாலும் சரி, காரியத்துக்கு வரச்சொல்லும் கடிதம் என்றாலும் சரி, எதிர்மலைக்காரன் படிக்கிற மாதிரி போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மேல்குன்னூரில் இருந்த ஒரு கிழட்டு வெள்ளைக்காரச் சீமாட்டியின் நாய் காணாமல் போனபோது 'லாஸ்ட்' என்று இங்கிலீஷில் நாலே எழுத்தை ஒரு முழுத்தாள் நிறையப் போட்டு ஒட்டினார். நாயைப் பற்றிய விவரம் எல்லாம் அடியில் எங்கேயோ. இரண்டு பேர் என் கடைக்கு வந்து, எலெக்‌ஷனில் யார் தோற்றது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நாய் மத்தியானமே கிடைத்துவிட்டது.

அந்த எழுத்து வந்த கதையைச் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு மூட்டை கட்டிய துரைகளில் ஒருவர் ஊட்டியில் அச்சகம் வைத்திருந்தாராம். சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அண்ணன் இயந்திரம் பார்க்கப் போனார், அக்கா சும்மா கூடப் போனார். அங்கே நாலு பெட்டி நிறைய மர எழுத்துகள். மலர்க் கண்காட்சிக்கும் பந்தயத்துக்கும் சுவரொட்டி அடித்தவை. தடியான இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் செங்கல் வைத்துக் கட்டியது போலச் சதுரமான பாதம். பெட்டி மூடியில் 'ஈஜிப்ஷியன்' என்று எழுதியிருந்தது. எகிப்து நாட்டு எழுத்து என்று அண்ணன் விளக்கம் சொன்னார். அண்ணனுக்கு வேண்டியது எஸ்டேட் கடிதத்தாள்களுக்கான மெல்லிய, சாய்ந்த எழுத்து. அக்கா அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். இதை எடுக்காமல் ஊட்டியைவிட்டு நகரமாட்டேன் என்றாராம்.

எடுத்துவந்தபின்தான் தெரிந்தது, ஊரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று. அக்கா ஜெகதளாவிலிருந்து ஒரு தச்சரைப் பிடித்தார். பேரிக்காய் மரத்தில் தமிழ் எழுத்து செதுக்கச் சொன்னார். எகிப்து எழுத்தைப் போலவே ஒவ்வொன்றுக்கும் பாதம் வேண்டும். தச்சர் முதலில் செதுக்கிய 'அ' நேராக இருந்தது. அச்சடித்தால் அது திரும்பி நின்றது. அச்செழுத்து என்றால் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, அக்காவும் சொல்லவில்லை. பிறகு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தார்கள். 'ப'வும் 'ட'வும் சுலபமாக வந்தன. 'ழ' காலை மடக்கி உட்கார்ந்தது போல வந்தது. அப்போதெல்லாம் 'லை' என்றால் முன்னால் துதிக்கை சுருட்டிய பழைய எழுத்து. அதற்கும் தச்சர் பாதம் வைத்தார். யானைக்கே பூட்ஸ் மாட்டிய மாதிரி இருந்தது. கடைவீதியில் அதற்குப் 'பூட்ஸ் எழுத்து' என்று பெயர் விழுந்தது.

புள்ளி செதுக்கமாட்டேன் என்று தச்சர் சொல்லிவிட்டார். அவ்வளவு சின்னதுக்கு எங்கே பாதம் வைப்பது என்று கேட்டாராம், நியாயம்தான். அக்கா பலகையைத் தட்டி, "ஏனுங்க பாய், கோட்டுப் பொத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஒரு டஜன் கொடுத்தேன். மரக்குச்சியை அளவாக வெட்டி அதன் தலையில் பொத்தானை ஒட்டிப் புள்ளி ஆக்கிவிட்டார். ஆகவே எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளில் புள்ளிக்கு நாலு ஓட்டை இருக்கும். தமிழில் அப்படித்தான் போலிருக்கிறது என்று எழுதப் பழகுகிற குழந்தைகள் நினைத்திருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பொத்தான் கொடுத்த பாவத்துக்கு நான்தான் பிழை திருத்துபவனும் ஆனேன். அக்கா நாலாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் பத்தாவது வரை போனவன், தேறியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஈரத் தாளை எதிர்க் கடைச் சுவரில் யாரையாவது பிடிக்கச் சொல்லி என்னைத் தெருவின் இந்தப் பக்கம் நிறுத்துவார். படித்தேன் என்றால் இன்னும் நாலடி பின்னால் போகச் சொல்வார். சாக்கடை வரும்வரை போயிருக்கிறேன். ஒருமுறை ஒரு பொதுக்கூட்டச் சுவரொட்டிக்காக ஊட்டி பஸ்ஸில் ஏற்றியே அனுப்பிவிட்டார். பஸ் வளைவு திரும்புவதற்குள் எத்தனை வரி படிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் அருவங்காட்டில் இறங்கி நடந்து திரும்பிவந்து மூன்று வரி என்றேன். அக்கா நாலாவது வரியை எடுத்துவிட்டார். அந்த நாலாவது வரியில்தான் கூட்டம் நடக்கும் இடம் இருந்தது. கூட்டக்காரர்கள் அன்று ஊர் முழுக்க ஆட்களைத் தேடி அலைந்தார்கள்.

அண்ணன் வேறு ஜாதி மனிதர். சாதியைச் சொல்லவில்லை, குணத்தை. வெயிலிலும் மப்ளர் சுற்றியிருப்பார். எஸ்டேட் ஆபீஸ்களுக்குப் போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, லேபிள் வேலையும் படிவ வேலையும் பிடித்துவருவார். அச்சகம் ஓடியது அவருடைய அந்த நுனி நாற்காலியால்தான். அக்கா அடிக்கிற கிழங்கு வியாபாரி பத்திரிகையை வைத்து அடுப்புகூட எரியாது. இரண்டு பேரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. அவர் 'கொஞ்சம் சிறுசா போடலாம்' என்பார், இவர் 'ஆகட்டுங்க' என்று சொல்லிவிட்டுப் பெருசாகவே போடுவார்.

ஒரு மார்கழிக் கடைசியில் ஓர் எஸ்டேட்டிலிருந்து குமாஸ்தா ஒருவர் வேலை கொண்டுவந்தார். அண்ணன் அன்று ஊட்டி போயிருந்தார். தொழிலாளர்களுக்கான அறிவிப்பு அது. மேலே பெரிய எழுத்தில் பொங்கல் நல்வாழ்த்துகள். கரும்பு, பானை படம். அடியில், 'மிகச் சிறிய எழுத்தில்' என்று அடிக்கோடு போட்டு, ஒரு வாக்கியம்: வேலையிலிருந்து நின்றவர்கள் எல்லாரும் தை மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கிழவிகளுக்குப் பனிக்காலத்தில் சொல்கிற பொங்கல் வாழ்த்து.

தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குமாஸ்தாவிடம், இதில் சேதி எது என்று கேட்டார். குமாஸ்தா இரண்டுமே சேதிதான் என்றார். சரிங்க என்றார் அக்கா. குமாஸ்தா போய்விட்டார்.

மறுநாள் மாலை அண்ணனே காக்கிக் காகிதத்தில் கட்டிய பண்டலைத் தோளில் வைத்துக்கொண்டு போய் எஸ்டேட் ஆபீஸில் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்க்கவில்லை, குமாஸ்தா எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்திருந்ததால் அதன்படியே அடித்திருக்கும் என்று நம்பினார். ஒட்டுகிற ஆளுக்குப் படிக்கத் தெரியாது. விடிந்ததும் தொழிலாளர்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடத்தில், ஃபேக்டரி சுவரில், கோயில் மதிலில் எல்லாம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்தில், பூட்ஸ் போட்டு நின்றது. அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொங்கல் நல்வாழ்த்துகள். கரும்புகூடச் சின்னதாகத்தான் இருந்தது.

அன்று ஒருவர்கூட இலை பறிக்கப் போகவில்லை. இலங்கையிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். ஒருமுறை வீடு காலி செய்து கப்பல் ஏறியவர்களுக்கு அந்த வார்த்தையை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். குன்னூரிலிருந்து தொழிற்சங்கத்து ஆட்கள் போனார்கள். நாலாம் நாள் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக எஸ்டேட் எழுதிக்கொடுத்தது. அந்த வருஷம் யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. அடுத்த வருஷம் நடந்தது வேறு கதை. அதற்கு வேறு அச்சகம்.

அண்ணனை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியின் நுனியும் கிடைக்கவில்லை, நிற்க வைத்துப் பேசினாராம். ஒவ்வொரு எஸ்டேட்டாகப் படிவ வேலை நின்றது. அக்காவிடம் அண்ணன் கோபிக்கவில்லை. பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். மாசி மாதத்தில் என்னிடம் வந்து பழைய கோட்டுக்கு உள்துணி மாற்றித் தரச் சொன்னார். அவசரம் என்றார். எதற்கென்று கேட்கவில்லை நான், அது என் தொழிலுக்கு நல்லதில்லை. இரண்டு நாள் கழித்து ஊட்டிக்கு மை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வரவில்லை.

ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கூடலூரில் பார்த்தார்களாம். அங்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளாம். அவளுக்கு நிறம் இன்னது, வயது இன்னது என்பதுவரை ஆளுக்கொரு தகவல் வைத்திருந்தார்கள். பெண்கள் அச்சகத்துக்கு வருவார்கள். பசை மாவு இருக்கிறதா, வாடகை ரசீது புத்தகம் இருக்கிறதா என்று எதையாவது கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, அப்பறம் ஏதாச்சும் சேதி உண்டுங்களா என்பார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கே அந்தத் தாழ்ந்த குரல் தாங்கவில்லை. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் அந்தப் பெரிய கை இயந்திரத்தை இழுக்கிற சத்தம் கேட்டது. அது ஓடினால் என் ஊசிப் பெட்டி தானாக நகரும். சிறிது நேரத்தில் பலகையைத் தட்டினார். போனேன். ஈரத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

மேலே, தாளின் பாதி உயரத்துக்கு, 'தேட வேண்டாம்'. அதற்கடியில் அண்ணனின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. அக்கா போட்டார், நான் இங்கே போடமாட்டேன். பிறகு: மேற்படி நபர் என் கணவர். மை வாங்கப் போவதாகச் சொல்லிப் போனவர். புத்தி தெளிவாகவே உள்ளது. இருக்கும் இடம் எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் மெதுவாக வந்து கேட்க வேண்டாம். இப்படிக்கு, மனைவி.

"அக்கா, இது வேணாங்க" என்றேன்.

"எழுத்துப் பிழை இருக்குதுங்களா?"

"பிழையெல்லாம் இல்லீங்க."

"அப்பத் தள்ளி நின்னு படிங்க பாய்."

தெருவைத் தாண்டிப் போய் நின்று படித்தேன். வழக்கமாகச் சத்தமாகப் படிப்பவன் அன்று வாய்க்குள் படித்தேன். கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தபோது அக்கா தாளைப் பிடித்தபடியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். படித்தாயிற்று என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

மறுநாள் குன்னூர் முழுக்க அது இருந்தது. பஸ் ஸ்டாண்டு, சந்தை, தபாலாபீஸுக்கு எதிர்ச்சுவர், என் கடைக் கதவு. கடைவீதி ஒரு மணி நேரம் படித்தது, பிறகு சிரித்தது. இரண்டு நாள் சிரித்து முடித்த பிறகு ஒருவருக்கும் பேச விஷயம் இல்லை. ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லாமல் போனதே காரணம். தாழ்ந்த குரல்கள் நின்றன. அதற்குப் பதிலாகப் பெண்கள் நேராக வந்து நேராகவே பேசினார்கள். பால்காரி ஒருத்தி, தன் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒன்று அடிக்க முடியுமா, ஆள் வீட்டில்தான் இருக்கிறார், இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டாள். அக்கா யோசிப்பதாகச் சொன்னார்.

சித்திரை கழிந்து சீசன் கூட்டம் வந்திருந்த நேரம். ஒரு முற்பகலில் அண்ணன் என் கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதே கோட்டு. இளைத்திருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை.

கூடலூர் பக்கம் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதினேன் என்றார். தூரத்து உறவுக்காரருடையதாம். ஊர் பேசியதைப் பற்றி நான் கேட்காமலே, "பொம்பளையெல்லாம் இல்லீங்க பாய், அட்டைதான் இருந்துது" என்று கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் வரை கடித்த தடம். எஸ்டேட் ஆபீஸில் நின்ற அன்றைக்கே போயிருப்பேன், கோட்டு கிழிந்திருந்தது என்றார். உள்துணி மாற்றிக் கொடுத்தது நான்தானே.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒருநாள் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். குன்னூர் பஸ் வந்து திரும்பி நிற்கிறது. பஸ்ஸின் முதுகில், சன்னல் கண்ணாடியை விட்டுவிட்டு மற்ற இடம் முழுக்க, அவர் பெயர். டிப்போ ஆட்கள் பஸ்ஸைப் பார்க்கிறார்கள், இவரைப் பார்க்கிறார்கள், மறுபடியும் பஸ்ஸைப் பார்க்கிறார்கள். மூன்று நாள் அந்த பஸ் வந்துபோய்க்கொண்டே இருந்ததாம். நாலாம் நாள் அதே பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். பஸ்ஸில் ஒட்டியது எனக்குத் தெரியவே தெரியாது. யார் ஒட்டினார்கள் என்று அவர் கேட்டதற்கு உண்மையாகவே தெரியாது என்றேன்.

"கோவமா இருக்காளுங்களா?" என்றார் மெதுவாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கடை வாசலில் நின்றார். அண்ணனைப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் சுரண்டுகிற தகட்டையும் படியில் வைத்தார்.

"நாப்பது எடத்துல இருக்குது. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க பாய்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அண்ணன் கோட்டைக் கழற்றி என் ஆணியில் மாட்டினார். வாளியை எடுத்துக்கொண்டார்.

சீசன் நேரத்துக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதர் சுவரிலிருந்து தன் பெயரைத் தானே சுரண்டுவதைப் பார்க்க நல்ல கூட்டம். பசையில் மைதாவோடு மயில்துத்தம் கலந்து காய்ச்சியிருந்தார் அக்கா. லேசில் வராது. வெளியூர்க்காரர் ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்க, டீக்கடைக்காரர் சுவரைக் காட்டினார். படித்துவிட்டு அவர் அண்ணனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். முதல் தாளை முடிக்கவே அண்ணனுக்கு அரை மணி ஆனது. அதில் அவர் பெயர் போய்விட்டது, 'தேட வேண்டாம்' மட்டும் நின்றது. தபாலாபீஸ் எதிர்ச்சுவருக்குப் போனபோது விரலில் ரத்தம் கசிந்தது. கூடப்போய்ச் சுரண்டலாமா என்று எனக்குத் தோன்றியது. அது என் வேலையில்லை என்றும் தோன்றியது. மூன்று டம்ளர் டீயோடு பின்னாலேயே போனேன். ஒன்று எதற்கு அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

சந்தைச் சுவரில் அவர் ஒரு முனையில் சுரண்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். கையில் இன்னொரு வாளி, இன்னொரு தகடு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுமுனையில் ஆரம்பித்தார். நடுவே தாள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு 'டா' மட்டும் நின்றது.

அண்ணன் தகட்டைத் துடைத்தார்.

"இத்தனை பெருசா போட்டிருக்க வேண்டியதில்லை நீ."

"கூடலூருக்குத் தெரியோணுமில்லீங்க" என்றார் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

அக்காவின் வாளியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அண்ணன் அதையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.